முன்கூட்டிச் சொன்ன நன்றி

என் குடலில் இருந்த புற்றுநோய் குணமாகிவிட்டதென்று எங்கள் சபையில் மைக்கில் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கு அறுவைச் சிகிச்சை நடக்க இன்னும் பத்து நாள் இருந்தது. நான் அன்று ஆராதனைக்குப் போகவில்லை. ஸ்கேன் எடுத்த களைப்பில் வீட்டில் படுத்திருந்தேன். அப்படியொரு அறிவிப்பு நடந்ததும், அதைச் செய்தது யார் என்பதும் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் தெரியவந்தது. அதை அது வர வேண்டிய இடத்தில் சொல்கிறேன். நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பில், இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு வழக்கு எப்படி நகரும் என்பது எனக்கு அத்துப்படி. மனு, சம்மன், எதிருரை, விசாரணை, வாதம், கடைசியில் தீர்ப்பு. தீர்ப்பு முதலில் வந்து விசாரணை பிறகு நடந்த ஒரே வழக்கு என் குடல்தான்.

இந்த நோயோடும் இந்தப் பயத்தோடும் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். மருத்துவத்தைப் பற்றி யாரையும் பயமுறுத்த மாட்டேன். என்னை ஏமாற்றியது மருத்துவம் அல்ல.

முதலில் ரத்தம். காரைக்குடியில் அறுபது தாண்டிய ஆணுக்கு மலத்தோடு ரத்தம் போனால் அது மூலம்தான் என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொள்வான். நானும் எழுதிக்கொண்டேன். துத்திக்கீரை தின்றேன். கருணைக்கிழங்கைக் குழம்பாகவும் மசியலாகவும் தின்றேன். ரத்தம் நிற்கவில்லை, இடுப்பு வேட்டி மட்டும் தளர்ந்துகொண்டே வந்தது.

"ஏங்க, இன்னும் எம்புட்டு நாளைக்குக் கெழங்கத் தின்னே வைத்தியம் பாப்பீக?" என்றாள் என் மனைவி பியூலா. "ஊருல எல்லாரு கேஸ் கட்டையும் படிச்சு நோட்டுப் போட்டுக் குடுத்தீகள்ல, இந்தக் கட்ட மட்டும் பிரிக்க மாட்டீகளோ?"

அவள் சொன்ன பிறகு பிரித்தேன். டாக்டர் கொலோனோஸ்கோப்பி செய்யச் சொன்னார். நுனியில் கேமரா உள்ள ஒரு மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டு, பெருங்குடலை உள்ளிருந்து பார்ப்பது. பார்ப்பதற்குக் குடல் காலியாக இருக்க வேண்டும். அதற்காக முதல் நாள் மாலை, கடல் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்ததுபோல ஒரு கரைசலைக் குடம் குடமாகக் குடிக்க வைக்கிறார்கள். கஷ்டம் அதில்தான், மறுநாள் ஊசி போட்ட பிறகு ஒன்றும் தெரியாது. மலக்குடலின் மேல்பகுதியில் ஒரு கட்டி இருந்தது. அதிலிருந்து நெல்முனை அளவு சதையைக் கிள்ளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். சதையைச் சோதித்து அது என்ன வகை என்று சொல்வதுதான் பயாப்ஸி. ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. புற்றுநோய். "ஆரம்ப நிலையா இருக்கலாம். ஸ்கேன் பாத்துட்டு ஆபரேஷன் தேதி சொல்றேன்," என்றார் டாக்டர். அவருக்கு என் மகன் வயது. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் எங்கள் குழு கூடும் நாள்.

அந்தக் குழுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. எங்கள் சபை பெரிது. பணியில் இருந்த காலமெல்லாம் கடைசிக்கு முந்தின பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுந்து வந்தவன் நான். யாராவது கிட்டே வந்து பேசினால் அது பட்டா சந்தேகமாகவோ பாகப் பிரிவினையாகவோ இருக்கும். ஓய்வு பெற்ற பிறகுதான் ஆயர் சபையைச் சிறு சிறு வீட்டுக் குழுக்களாகப் பிரித்தார். எங்கள் குழுவில் நானும் பியூலாவும் சேர்த்து எட்டுப் பேர். வாரம் ஒரு வீடு. இரண்டு பாட்டு, ஒரு வேதபகுதி, ஜெபம், டீ, பருப்பு வடை. பாட்டில் யாருக்கும் சுருதி கிடையாது. என் தம்பி இறந்தபோது பெரிய சபையில் என் கையைக் குலுக்கினார்கள். இந்தக் குழுவில் என்னை அழ விட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் சிநேகிதர்கள் கிடைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

குழுவின் தலைவர் ஜெபராஜ். மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். என்னைவிட இருபது வயது சின்னவர். மைக் இருந்தால் என்னை 'பிரதர்' என்பார், இல்லாவிட்டால் 'அண்ணே'. பியூலாவுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தபோது கடையை மூடிவிட்டு மருந்தோடு ஓடி வந்தவர். ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, தன்னைப் பற்றி என்னிடம் மட்டும் ஒரு விஷயத்தைச் சொல்லி அழுதார். அது என்னவென்று இந்தக் கட்டுரையில் வராது.

இன்னொருவர் வசந்தா டீச்சர். பள்ளத்தூரில் கணக்கு டீச்சர். பஸ் பிடித்து வருவார். நாக்கு கொஞ்சம் காரம்.

எங்கள் குழுவுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஒரு காரியத்துக்காக ஜெபம் பண்ணினால், அது கிடைத்துவிட்டது என்று அப்போதே நன்றியும் சொல்லிவிடுவோம். ஜெபராஜ் எங்கோ ஒரு கன்வென்ஷனில் கேட்டு வந்து பழக்கியது. அவர் மகனின் விசாவுக்கு அப்படி நன்றி சொன்னோம், வந்தது. டீச்சரின் சம்பள பாக்கிக்குச் சொன்னோம், அதுவும் வந்தது. ஒருவர் மனையில் தண்ணீருக்குப் போர் போடுவதற்குச் சொன்னோம். வெறும் புழுதி பறந்தது. அந்தப் போரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

டீச்சர் மட்டும் ஒருமுறை வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டார். "ஏன் ஜெபராஜ் தம்பி, விடைய முதல்ல எழுதிட்டு அப்புறமா கணக்குப் போடுற பிள்ளைய நா வகுப்புக்கு வெளிய நிறுத்துவேன். நீங்க குழுவுக்குத் தலைவரா இருக்கீக."

எல்லோரும் சிரித்தோம். ஜெபராஜும் சிரித்தார். "டீச்சர், விசுவாசம் கணக்குல அடங்காது."

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு ஒவ்வொரு குழுவும் சபைக்கு முன் நின்று, அந்த மாதம் பெற்றுக்கொண்ட நன்மைகளைச் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் எங்கள் குழுதான் எப்போதும் முதலில் நிற்கும்.

பயாப்ஸி முடிவு வந்த வியாழக்கிழமை இதெல்லாம் என் நினைவில் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து வந்து என் தோளிலும் தலையிலும் கை வைத்தார்கள். எட்டுப் பேரில் என்னைக் கழித்து ஏழு பேருடைய கையின் சூடு என் மேல் இருந்தது. ஜெபராஜ் குரல் உடைந்து, "அண்ணே, நாங்க இருக்கோம். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நா நிப்பேன்," என்றார். புற்றுநோய் என்று கேட்ட அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். அதை இப்போது எழுதும்போதுதான் அந்த இரவின் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்கடுத்த ஞாயிறு மூன்றாம் ஞாயிறு. பியூலா மட்டும் போனாள். கண் சிவந்து திரும்பி வந்தாள். "ஜெபத்துல அழுகை வந்துருச்சு," என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வாரம் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தார்கள். சளி பிடித்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது, கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று டாக்டர் சொன்னதால் வியாழக்கிழமைக் குழுவுக்கும் நான் போகவில்லை.

"தேதியக் குழுவுல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க."

மதுரையில் ஆஸ்பத்திரி. காப்பீட்டு மேசையில் ஒரு பெண் என் ஓய்வூதிய ஆணையைக் கேட்டாள். கேட்பதற்கு முன்பே அதன் மூன்று நகல்களைச் சான்றொப்பத்தோடு நீட்டினேன். அப்படியும் அனுமதி வர மறுநாள் ஆனது. அனுமதி வரும்வரை அவர்கள் கணக்கில் நான் நோயாளி இல்லை. சபைக் கணக்கிலும் அப்போது நான் நோயாளி இல்லை என்பது எனக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் இல்லாத நோய் என் வயிற்றில் மட்டும் இருந்தது. கடைசியில் காப்பீடு பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது; மிச்சத்தை என் மகன் டேவிட் கோயம்புத்தூரிலிருந்து வந்து கட்டினான். கட்டியதை என்னிடம் சொல்லாமல், ரசீதை மட்டும் பைக்குள் செருகிவிட்டு அப்பா, ஜூஸ் குடிங்க என்றான்.

சம்மதப் படிவத்தை நான் வரி விடாமல் படித்தேன். நர்ஸ் கால் மாற்றி நின்றாள்.

"சார், எல்லாரும் கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவாங்க."

"அதனாலதாம்மா கோர்ட்டுல கூட்டம் கொறைய மாட்டேங்குது."

படித்ததில் ஒரு வரி என்னை நிறுத்தியது. கட்டி உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் தைப்பார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அதன் வழியே மலம் போகக் கூடாது. ஆகவே சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து திறந்து வைப்பார்கள். அதற்குப் பெயர் ஸ்டோமா. அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். கழிவு எல்லாம் அதில் சேரும். சில மாதம் கழித்து இன்னொரு சிறிய அறுவையில் குடலை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். தற்காலிக ஏற்பாடு. நீதிமன்ற மொழியில் இடைக்கால உத்தரவு.

தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது வாசலைப் பார்த்தேன். டேவிட் நின்றான். பியூலா நின்றாள். ஜெபராஜ் இல்லை. திருப்பத்தூரில் பஸ் தாமதமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மயங்கினேன்.

கண் விழித்தபோது மூக்கில் குழாய், கையில் குழாய், சிறுநீருக்குக் குழாய், அடிவயிற்றில் கசியும் நீரை வெளியேற்ற ஒரு குழாய். வலது பக்கம் பை. நாட்டுத் தக்காளி நிறத்தில் என் குடல் உலகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அது வலிக்காது, அதற்குத் தொடு உணர்ச்சியே கிடையாது. ஆனால் சத்தம் போடும். எப்போது போடும் என்பது நம் கையில் இல்லை.

இரண்டு நாளில் இரட்டைப் படுக்கை அறைக்கு மாற்றினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சுப்பையா ஆசாரி. அமராவதிபுதூரில் மர வேலை. பித்தப்பைக் கல்லுக்காக வந்தவர். பார்வையாளர் நேரம் வந்தால் அவர் கட்டிலைச் சுற்றி ஒரு கல்யாணக் கூட்டம். மச்சான், மச்சினன், சம்பந்தி, சம்பந்தியின் தங்கை. வந்தவர்கள் அவருக்கு வாங்கிய ஆப்பிளை அவர்களே தின்றார்கள். ஒரு மைத்துனர் தலைமாட்டில் நின்று வேலித் தகராறு பேசினார். ஆசாரிக்குக் காற்றுப் பிரிந்த அன்று எல்லோருக்கும் பக்கோடா வந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் என் பக்கம் கிடந்த காலி நாற்காலியை அவர்கள் கேட்டு வாங்கிப் போனபோது, அது இந்தப் பக்கமே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அய்யா, உங்க ஆளுக இன்னைக்கும் வரலையா?" என்று திரையை விலக்கிக் கேட்பார் ஆசாரி. முதல் நாளே குழுவைப் பற்றிப் பெருமையடித்திருந்தேன்.

"வருவாக. வேலைக்குப் போற ஆளுக."

"அது சரி. இங்குட்டு வந்தா ரெண்டு பேரு என் பக்கத்துக்கும் அனுப்பிவிடுங்க. என் மச்சான் மொகத்தையே பாத்துப் பாத்து எனக்கு மறுபடியும் கல்லு வந்துரும் போல."

நான் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. எத்தனையோ பேருக்குச் சம்மன் அனுப்பியவன். நோயாளியைப் பார்க்க வா என்று சிநேகிதனுக்குமா அனுப்புவது? ஒவ்வொரு சாயங்காலமும் அறைக்கதவு திறக்கும்போது முதலில் வருவது யார் என்று மனத்துக்குள் பந்தயம் கட்டுவேன். டீச்சர் என்பேன். இல்லை, ஜெபராஜ் என்பேன். தரை துடைக்கும் அம்மா வருவார். பியூலா என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு ஜன்னலைப் பார்ப்பாள்.

நடக்கச் சொன்னார்கள். நடந்தால்தான் குடல் வேலை செய்யும், காலில் ரத்தம் உறையாது. ஒருநாள் தைரியம் வந்து, குழாய்ப் பையை மோர் வாளியைப்போலக் கையில் பிடித்துக்கொண்டு லிப்டில் கீழே இறங்கினேன். மருந்துக் கடை வரிசையில், கையில் யாருடையதோ ஒரு மருந்துச் சீட்டோடு, ஜெபராஜ் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தையல் இழுப்பதையும் மறந்து கையைத் தூக்கினேன். "தம்பி!"

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த குழாயைப் பார்த்தார். சட்டைக்குக் கீழே புடைத்திருந்த பையைப் பார்த்தார். அடையாளம் தெரியாமல் போகிற அளவு தூரம் இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுங்க," என்றபடி கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனார். அந்தப் போன் அடிக்கவில்லை. அதன் திரை கறுப்பாகவே இருந்ததை நான் பார்த்தேன்.

மேலே வந்தேன். பியூலா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபராஜ் வந்திருந்தான். கீழ, மருந்துக் கடையில. என்னப் பாத்துட்டுப் போயிட்டான்."

"அவரா இருக்காதுங்க."

"வாரா வாரம் பக்கத்துல உக்காந்தவன எனக்குத் தெரியாதா?"

அவள் சாத்துக்குடியைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்தாள். "அவுகள ஒண்ணும் சொல்லாதீக. நாந்தான் நீங்க கொணமாயிட்டீகன்னு சொன்னேன். சபையில. மைக்குல."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாம் ஞாயிறு, குழு முன்னால் போய் நின்றிருக்கிறது. ஜெபராஜ் மைக்கை இவள் கையில் கொடுத்து, "சிஸ்டர், ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு விசுவாசத்தோட நீங்களே சொல்லுங்க. சொன்னாத்தான் நடக்கும். சொல்லலைன்னா தடை உங்ககிட்டதான் இருக்கு," என்றிருக்கிறார்.

"நா சொல்லாம விட்டு, உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, அது என்னாலதான்னு ஆயிரும்ல? அந்தப் பயத்துலதாங்க. சபையே கை தட்டுச்சு. பெறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆபரேஷன்னு சொல்ல? டேவிட் வீட்டுக்குப் போறோம், ஓய்வுக்குன்னு சொல்லிட்டேன்."

"எல்லார்ட்டயுமா?"

"எல்லார்ட்டயும். உங்ககிட்டயும் மறச்சுட்டேன்."

ஒவ்வொரு சாயங்காலமும் நான் கதவைப் பார்த்ததை இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் குடல் மட்டும் பையில் ஏதோ முணுமுணுத்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஆசாரியின் குரல் வந்தது. "அய்யா, கேக்கக் கூடாதுன்னுதான் படுத்திருந்தேன், காதுல விழுந்துருச்சு. தப்பா எடுத்துக்காதீக. நாங்க கொலசாமிக்கு நேந்துக்கிட்டாக்கூட, காரியம் முடிஞ்ச பெறகுதான் கெடா வெட்டுவோம்."

பியூலா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பல நாள் இருந்தது. ஆனால் உரிமையியல் வழக்கில் மாற்று வாதம் என்று ஒன்று உண்டு. பிரதிவாதி சொல்வான்: நான் கடனே வாங்கவில்லை. வாங்கியதாக நீதிமன்றம் கருதினால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்தான், இருந்தாலும் சட்டம் அனுமதிக்கிறது. உயிர் பிழைக்கப் பார்க்கிறவன் எல்லாக் கதவையும் தட்டுவான் என்று சட்டத்துக்கும் தெரியும். பியூலா செய்தது அதுதான். என் கணவர் குணமாகிவிட்டார். ஆகவில்லை என்றால் மதுரைக்குக் கூட்டிப்போய் வெட்டி எடுக்கட்டும். மைக்கில் சொன்ன வாயால்தான் அவள் எனக்குக் கஞ்சியை ஊதி ஆற்றிக் கொடுத்தாள். என் பையைக் கழற்றித் துடைத்து மாற்றக் கற்றுக்கொண்டது அவள்தான். நான் அருவருப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவளை மன்னிக்க எனக்கு ஒரு சட்டப் பிரிவு கிடைத்தது. ஜெபராஜுக்கு எந்தப் பிரிவும் கிடைக்கவில்லை.

வெட்டி எடுத்த குடலின் சோதனை முடிவு வந்தது. கட்டி முழுதும் எடுக்கப்பட்டுவிட்டது, ஓரங்களில் நோய் இல்லை, நெறிக்கட்டிகளில் பரவவில்லை. மேற்கொண்டு மருந்து ஏற்ற வேண்டாம் என்றார் டாக்டர். பியூலா 'ஸ்தோத்திரம்' என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்பச் சொல்லலாம்," என்றேன். அவளிடம் நான் திரும்பப் பேசியது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தோம். திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் இடையே எத்தனை வேகத்தடை என்பது வயிற்றில் தையல் உள்ளவனுக்குத்தான் தெரியும். சில வாரம் போனது. குழுவின் முறை சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்தது. வேறு வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றாள் பியூலா. வேண்டாம், வரட்டும் என்றேன்.

வந்தார்கள். எல்லோரும் தரையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நாற்காலியில். ஜெபராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணே, கோயம்புத்தூர்க் காத்து நல்லா ஒத்துக்கிருச்சு போல. கொஞ்சம் எளச்சிருக்கீக, ஆனா மொகத்துல ஒரு தெளிவு."

"மதுரைக் காத்து தம்பி."

அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஏற்கெனவே விஷயம் கசிந்திருக்கும் போல, இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வசந்தா டீச்சர் மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பாட்டு முடிந்தது. மௌன ஜெபம். அந்த அமைதியில் என் வயிற்றிலிருந்து, அடைத்த சாக்கடை திறந்துகொண்டதுபோல நீளமாக ஒரு சத்தம் எழுந்தது. எல்லோரும் கண்ணை இன்னும் இறுக்க மூடிக்கொண்டார்கள்.

"அது என் கொடலு," என்றேன். "வெளிய இருக்கு. எல்லாரும் கண்ணத் தொறக்கலாம். இன்னைக்கு ஒரு ஜெபக் குறிப்பு இருக்கு. நா நோயாளி. ஆபரேஷன் ஆயிருச்சு, இன்னொண்ணு பாக்கி இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

யாரும் ஆரம்பிக்கவில்லை. ஜெபராஜ்தான் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, நன்றி சொல்லி முடிச்ச காரியத்துக்குத் திரும்ப ஜெபம் பண்ணக் கூடாது. அது அவிசுவாசம். ரிசல்ட்டு சுத்தமா வந்துச்சுல்ல? அப்ப நாம சொன்னது உண்மைதானே?"

"ஒரு சாண் கொடல வெட்டி எடுத்த பெறகு சுத்தமா வந்துச்சு. பாக்க வர்றதும் அவிசுவாசமா தம்பி?"

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "சபையே நம்பிருச்சுண்ணே. நா வந்து பாத்தேன்னு தெரிஞ்சா எத்தனை பேரு விசுவாசம் ஆடிப்போகும்? ஒரு குழுவையே காப்பாத்த வேண்டியிருந்துச்சு."

"காப்பாத்திட்டீக."

அவர் என்னிடம் மட்டும் சொல்லி அழுத அந்த விஷயம் அப்போது என் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. அது அவர் என்னிடம் கொடுத்து வைத்தது.

"எனக்கு இது ஒண்ணுமே தெரியாது," என்றார் டீச்சர். "பியூலா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்க மாட்டேன்? நானும்தான அன்னைக்கு ஆமென்னு சொல்லிக் கை தட்டுனேன்."

பியூலா முழங்காலிட்டு ஜெபத்தை ஆரம்பித்தாள். அவள் அன்று ஒன்றுக்கும் நன்றி சொல்லவில்லை. "ஆண்டவரே, நா பயந்துபோயிப் பொய் சொல்லிட்டேன். இவுகளுக்கு இன்னும் முடியல. ராத்திரியில தூக்கம் இல்ல. எங்களுக்குப் பயமா இருக்கு." அவ்வளவுதான். டீச்சர் ஆமென் சொன்னார். வேறு ஒரு குரலும் கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை. ஜெபராஜுடையது இல்லை. அவர் டீ குடிக்காமல் போனார்.

அடுத்த மூன்றாம் ஞாயிறு, எங்கள் குழு வளர்ந்துவிட்டதால் இரண்டாகப் பிரிக்கப்படுவதாக அறிவித்தார்கள். வளர்ச்சியில் என் பங்குக்குக் கிடைத்தது பியூலாவும் வசந்தா டீச்சரும். மூன்று பேருக்கு வடை சுடுவது வீண் என்று பியூலா பிஸ்கட்டுக்கு மாறினாள். ஜெபம் இப்போது சின்னது. கேட்கிறோம், அதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பையை மூடும் அறுவை போன மாதம் நடந்தது. முதல் அறுவையோடு ஒப்பிட்டால் இது சில்லறை வேலை. வியாழக்கிழமை டீச்சர் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, பள்ளத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி மதுரைக்கு வந்தார். கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சுருதி வழக்கம்போல இல்லை. பாட்டுக்கு நடுவே இரண்டு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வாசலயே பாக்குறீகளே சார், இன்னும் யாரு வரணும்?"

"யாருமில்ல டீச்சர்."

நீதிமன்றத்தில் ஒருவர் பெயரை வாசலில் நிற்கும் டவாலி மூன்று முறை கூப்பிடுவார். வராவிட்டால் அவர் இல்லாமலே உத்தரவு போட்டுவிடுவார்கள். ஆனால் அத்தோடு முடிந்துவிடாது. அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி அவர் மனுப் போடலாம். அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு. அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இன்றுவரை மனு வரவில்லை.